வாழைப்பழ செரோட்டோனின் மூளைக்குள் போகுமா? உடலின் உள்காவல் பற்றி ஒரு எளிய விளக்கம்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்தச் செய்தி வந்துவிடும். "வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருக்கிறது. தினமும் 2 பழம் சாப்பிட்டால் மூளையில் செரோட்டோனின் கூடும், மனச்சோர்வு ஓடிவிடும்." முதல் வாக்கியம் சரிதான். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்றான செரோட்டோனின், வாழைப்பழத்தில் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாவதுதான் இடிக்கிறது. பழத்திலிருக்கும் செரோட்டோனின் குடலுக்குப் போகும். கொஞ்சம் தப்பிப் பிழைத்து ரத்தத்தில்கூடக் கலக்கலாம். ஆனால் மூளைக்குள் நுழைய முடியாது. வழியில் ஒரு காவல் இருக்கிறது.

அந்தக் காவலுக்குப் பெயர் ரத்த–மூளைத் தடுப்பு. இப்போது இந்தச் சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. சத்து மாத்திரை விற்பவர்கள் "மூளைத் தடுப்பையே தாண்டிப் போகும்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் மனதில் என்ன படம் ஓடுகிறது என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மூளையைச் சுற்றிப் பாலித்தீன் பை கட்டி வைத்திருப்பது போல ஒரு படம், அல்லது டீ வடிகட்டி போல ஒரு படம். இரண்டுமே தப்பு.

சாயம் ஏறாத மூளை

கதை 1885-இல் ஜெர்மனியில் தொடங்குகிறது. பால் எர்லிக் என்ற மருத்துவர் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை என்று எல்லாமே நிறம் மாறின. மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயம் பிடிக்கும் தன்மை கிடையாது போல என்று அவர் நினைத்துக்கொண்டார். நியாயமான ஊகம்தான். பாலியஸ்டர் துணியில் பருத்திச் சாயம் ஏறாதே, அது மாதிரி.

1913-இல் எட்வின் கோல்ட்மன் அந்த ஊகத்தைக் கவிழ்த்தார். எர்லிக்கிடம் பயின்றவர். சாயத்தை ரத்தத்தில் ஏற்றாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில் நேரடியாகச் செலுத்தினார். இப்போது மூளை நன்றாக நீலமாயிற்று, மற்ற உறுப்புகளில் சாயம் ஏறவில்லை. ஆக, மூளைத் திசு சாயத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது. ரத்தத்திலிருந்து மூளைக்கு வரும் வழியில்தான் சாயம் மாட்டிக்கொள்கிறது.

சரி, எங்கே மாட்டுகிறது? இதற்குப் பதில் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1967-இல் தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி இருவரும் முள்ளங்கிக் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து எடுத்த நொதியை எலியின் ரத்தத்தில் செலுத்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நொதி, மூளையின் மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் உள்சுவர் வரை வந்து, அங்கே இரண்டு செல்கள் ஒட்டும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

சுவர் வீட்டுக்கு இல்லை, சாலைக்கு

பாலித்தீன் பைப் படம் ஏன் தப்பு என்பதற்கு இதுதான் காரணம். தடுப்பு மூளையின் வெளிப்புறத்தில் இல்லை. மூளைக்குள்ளே ஓடும் ஒவ்வொரு தந்துகியின் சுவரே தடுப்பு. தந்துகி என்றால் மயிரைவிட மெல்லிய, கடைசிக் கிளையான ரத்தக்குழாய். நம் மூளையில் இருக்கும் தந்துகிகளை எல்லாம் பிரித்து ஒரே கோடாக நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பது பொதுவான மதிப்பீடு. சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை. அத்தனை நீளத்துக்கும் காவல் நடக்கிறது.

உடலின் மற்ற இடங்களில் இருக்கும் தந்துகியை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தே கிடக்கும், சிக்னலில் நின்றால் குதித்து இறங்கிவிடலாம். சுவர் செல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் சர்க்கரை, உப்பு, சிறிய மருந்து மூலக்கூறுகள் எல்லாம் அதன் வழியே கசிந்து திசுவுக்குப் போய்விடும். மூளைத் தந்துகி மெட்ரோ ரயில். ஸ்டேஷனில்தான் இறங்க முடியும், அதுவும் கதவு திறந்தால், கார்டு இருந்தால்.

அந்த இடைவெளியை அடைத்து வைத்திருப்பது இறுக்க இணைப்பு என்கிற அமைப்பு. பக்கத்துப் பக்கத்து செல்களின் சவ்வுகளைப் புரத இழைகளால் தைத்து வைத்த தையல் அது. தந்துகிக்கு வெளியே, விண்மீன் வடிவத்தில் இருக்கும் துணைச் செல்கள் தங்கள் பாதங்களை வைத்துச் சுற்றிலும் அணைத்துக்கொண்டிருக்கும். இவை நேரடியாகச் சுவர் எழுப்புவதில்லை. "தையலை விடாதே, பத்திரமாக வை" என்று உள்சுவர் செல்களுக்கு ஓயாமல் ரசாயனச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். மூளைத் தந்துகியின் செல்களைத் தனியே பிரித்துக் கிண்ணத்தில் வளர்த்தால், அவை மெல்ல மெல்ல இறுக்கத்தை இழந்துவிடுகின்றன. உயிரோடு, வேலை செய்துகொண்டே இருந்தால்தான் இது தடுப்பு.

சுருக்கமாக: மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரே தடுப்பு. செல்களுக்கு நடுவே சந்து கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் செல்லின் ஊடாகவே போக வேண்டும்.

உள்ளே போகும் வழிகள்

முதல் வழி, கொழுப்பில் கரைவது. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெயில் எண்ணெய் கலப்பது மாதிரி, கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் கதவைத் தேடாமல் சவ்வுக்குள்ளேயே நழுவிப் போய்விடும். ஆக்ஸிஜன், மது, நிகோட்டின் எல்லாம் இப்படித்தான். குடித்த சில நிமிடங்களிலேயே போதை தலைக்கேறுவதன் ரகசியம் இது.

சின்ன வயதில் எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தால் அம்மா அவில் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பார். அரிப்பு நிற்கும். அப்புறம் வகுப்பில் இரண்டாவது பீரியடிலேயே தலை மேசையில் இருக்கும். உடம்பில் அரிப்பை உண்டாக்கும் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. அவில் கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. பின்னால் வந்த ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மருந்துகள் மூளைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. அதனால்தான் அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போக முடிகிறது.

இரண்டாவது வழி, கதவு. மூளை நம் எடையில் வெறும் 2 சதவீதம், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை விழுங்குகிறது. அதற்கு வேண்டிய குளுக்கோஸ் தண்ணீரில் கரைவது, கொழுப்பில் கரையாது. ஆகவே அதற்கென்றே சுவரில் தனிக் கதவுகள் உண்டு. இவற்றுக்குக் கடத்திப் புரதம் என்று பெயர். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறை மட்டும் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விடும். அமினோ அமிலங்களுக்கு, அதாவது புரதத்தின் அடிப்படைத் துண்டுகளுக்கு, வேறொரு கதவு. இந்த அமினோ அமிலக் கதவைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கட்டுரையின் கடைசியில் திரும்பவும் வரும்.

கை நடுங்கும் பார்க்கின்சன் நோயில், மூளையில் சேதி கடத்தும் டோபமின் என்ற பொருள் குறைந்துபோகிறது. டோபமினையே ஏற்றிவிட்டால் என்ன? பயனில்லை, அது தடுப்பைத் தாண்டாது. ஆனால் டோபமினாக மாறுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் லெவோடோபா என்ற பொருள் ஓர் அமினோ அமிலம். அது அமினோ அமிலக் கதவு வழியாக உள்ளே போய், அங்கே டோபமினாக மாறிவிடுகிறது. இன்னொரு சாமர்த்தியமும் இதில் உண்டு. லெவோடோபா மூளைக்குப் போவதற்கு முன்பே, வெளியிலேயே டோபமினாக மாறினால் குமட்டல் வரும், மருந்தும் வீண். அதைத் தடுக்க கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். அந்த கார்பிடோபாவால் மூளைக்குள் போக முடியாது. அதனால் வெளியில் நடக்கும் மாற்றத்தை மட்டும் தடுக்கிறது, உள்ளே நடப்பதை விட்டுவிடுகிறது. தடுப்பு இருப்பதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட மருந்து இது. நம் ஊர் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. ஆனால் ஒரு விதையில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது, கூடவே கார்பிடோபாவும் இல்லை. ஆகவே கைவைத்தியமாக இறங்க வேண்டாம்.

என் பெரியப்பா இந்த மாத்திரை சாப்பிடுகிறவர். மதியம் முட்டையும் பருப்புமாகச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வார். "போட்டும் கை நடுங்கிக்கிட்டேதான் இருக்கு" என்று சலித்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொன்னார் மருத்துவர். அன்றிலிருந்து தம்ளரை நடுங்காமல் பிடிக்கிறார். முட்டையிலிருந்தும் பருப்பிலிருந்தும் வரும் அமினோ அமிலங்களும் அதே கதவில்தான் வரிசையில் நிற்கின்றன. குடலிலும் இதே தள்ளுமுள்ளு உண்டு. கூட்டத்தில் மாத்திரை பின்தங்கிவிடுகிறது.

வாழைப்பழக் கேள்விக்கும் இங்கேதான் பதில். செரோட்டோனினுக்குக் கதவு இல்லை. அதன் மூலப்பொருளான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கு உண்டு. மூளை அதை வாங்கித் தனக்குத் தேவையான செரோட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வாழைப்பழத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

பிடித்து வெளியே தள்ளும் காவலாளி

இது பெரும்பாலான விளக்கங்களில் விடுபட்டுப்போகும் பகுதி. எனக்கென்னவோ இதுதான் சுவாரசியமான பகுதி. கொழுப்பில் கரைந்து, கதவைத் தட்டாமல் நழுவி நுழைகிறவற்றை என்ன செய்வது? உள்சுவர் செல்களில் பம்புகள் இருக்கின்றன. வேண்டாத விருந்தாளியைச் சவ்வுக்குள்ளேயே பிடித்துத் திரும்ப ரத்தத்துக்குள் தள்ளிவிடும் புரதங்கள். இதற்கு ஆற்றல் செலவாகிறது, ஆனாலும் ஓயாமல் நடக்கிறது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபெரமைட் மாத்திரை அபின், மார்ஃபின் வகையைச் சேர்ந்தது. கொழுப்பிலும் கரையும். அப்படியிருந்தும் வழக்கமான அளவில் சாப்பிட்டால் போதை வருவதில்லை. நுழைய நுழைய பம்பு வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் அது குடலோடு நின்றுவிடுகிறது. பம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோலி இன நாய்கள் காட்டுகின்றன. அந்த இனத்தில் பல நாய்களுக்கு இந்தப் பம்பின் மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்கும். மற்ற நாய்கள் சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும் அளவு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை இவற்றுக்குக் கொடுத்தால் மருந்து மூளைக்குள் குவிந்து, தள்ளாடி விழுந்து, சில இறந்தே போகும்.

அதனால் "தடுப்பைத் தாண்டுமா, தாண்டாதா" என்று ஒரே கேள்வியாகக் கேட்பது போதாது. எவ்வளவு நுழைகிறது, எவ்வளவு திரும்பத் தள்ளப்படுகிறது என்ற வரவு செலவுக் கணக்கு அது.

வேண்டுமென்றே விட்ட ஜன்னல்

மூளையின் எல்லா இடத்திலும் இந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று மோப்பம் பிடிக்க வேண்டிய சில சிறு பகுதிகளில் தந்துகிகள் டவுன் பஸ் ரகம்தான். மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடம் அதில் ஒன்று. ரத்தத்தில் விஷம் கலந்தால் அது உடனே உணர்ந்து வாந்தி எடுக்கவைக்கும். சுவர் வைத்திருந்தால் விஷம் வந்ததே தெரியாமல் போயிருக்கும்.

வாந்திக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் டோம்பெரிடோன் தடுப்பை அவ்வளவாகத் தாண்டுவதில்லை. இந்த ஜன்னல் வழியாகவே வேலை செய்கிறது. மெட்டோகுளோப்ரமைட் என்ற இன்னொரு வாந்தி மருந்து தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போய் டோபமினையும் தொந்தரவு செய்கிறது. அதனால் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் சில நேரம் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறுவார்கள். மாற்று மருந்து கொடுத்தால் சீக்கிரம் சரியாகிவிடும்.

காவல் தளரும்போது

மூளையுறை அழற்சியில், அதாவது நாம் பொதுவாக மூளைக்காய்ச்சல் என்று சொல்வதில் ஒரு வகையில், அழற்சியால் தையல் தளர்கிறது. பென்சிலின் சாதாரண நாளில் மூளைப் பக்கம் அதிகம் போகாது, ஆனால் தையல் தளர்ந்த நேரத்தில் போகும். நோய் குணமாகக் குணமாகத் தையல் மறுபடி இறுகி, மருந்துக்கும் கதவு மூடும். அதனால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மருந்தின் அளவைக் குறைக்காமல் கடைசிவரை ஏற்றுகிறார்கள்.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையில் கவலை கண்ணும் தோலும் மஞ்சளாவதைப் பற்றியதல்ல. பிலிருபின் என்ற அந்த மஞ்சள் பொருள் கொழுப்பில் கரையும். வழக்கமாக ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் அதைக் கையைப் பிடித்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் பிடி விட்டுப்போன பிலிருபின் மூளைக்குள் நுழைந்து நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். மருத்துவமனையில் வைக்கும் நீல வெளிச்சம் பிலிருபினின் வடிவத்தை மாற்றி, உடல் எளிதில் வெளியேற்றும்படி செய்கிறது. ஜன்னலோர இளவெயில் அதற்கு ஈடாகாது.

வெறிநாய்க்கடியில் வேறு கதை. கிருமி ரத்தத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. கடிபட்ட இடத்தின் நரம்புக்குள் ஏறி, நரம்பு வழியாகவே மூளைக்கு நடந்து போகிறது. இத்தனை காவலும் மெயின் ரோட்டில் நிற்க, அது வாய்க்கால் வரப்பில் வந்துவிடுகிறது. கடித்த உடனே கழுவி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது அது நடந்து முடிவதற்குள் மறிப்பதற்காக.

கண்ணிலும் விந்தகத்திலும்

தடுப்பு என்பதை வெறும் சுவராகப் பார்க்காமல், உறுப்பின் உள்சூழலை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடாகப் பார்த்தவர் லீனா ஸ்டெர்ன். ஜெனீவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர். மூளைக்கு மட்டுமல்ல, மற்ற உறுப்புகளுக்கும் அதற்கதற்கு ஏற்ற தடுப்பு உண்டு என்றும் அவர் வாதிட்டார்.

விழித்திரையின் தந்துகிகளும் மூளையின் தந்துகிகளைப் போலவே இறுக்கமானவை. நீண்டகாலச் சர்க்கரை நோய் அந்தத் தையலைப் பிரிக்கிறது. நீர் கசிந்து விழித்திரையின் நடுப்பகுதி வீங்கி, எழுத்துகள் வளைந்து தெரியும். என் அம்மாவுக்கு இந்தக் கசிவைப் பார்க்கும் சோதனை செய்தபோது கூட இருந்தேன். கையில் மஞ்சள் சாயம் ஒன்றை ஏற்றினார்கள். பதினைந்து விநாடிக்குள் கண்ணின் குழாய்கள் திரையில் மின்னின. நல்ல குழாய்களில் சாயம் கோட்டுக்குள்ளேயே ஓடியது. இரண்டு இடத்தில் மட்டும் தாளில் மை ஊறுவது போலப் பரவியது. எர்லிக் செய்த அதே சாயச் சோதனைதான், 100 வருடத்துக்கும் மேல் கழித்து. அன்று முழுக்க அம்மா மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தார். இந்தக் கசிவுக்கான மருந்து பெரிய புரத மூலக்கூறு. ரத்தம் வழியாகக் கொடுத்தால் கண்ணுக்குள் போதுமான அளவு போகாது, அதனால் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள்.

விந்தகத்தில் காரணம் வேறு. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் எது சொந்தம், எது அந்நியம் என்று பெரும்பாலும் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறது. விந்தணு உருவாவதோ பருவ வயதில். எதிர்ப்பு மண்டலத்தின் பார்வையில் அது முன்பின் தெரியாத ஆள். அதனால் வளரும் விந்தணுக்களை மறைத்து வைக்கிறது ஒரு தடுப்பு. இதைக் கட்டுவது ரத்தக்குழாய்ச் சுவர் அல்ல, விந்தணுவைப் பேணும் செர்டோலி செல்கள். புதிய செல் மறைவுக்குள் போகும்போது, அதற்குப் பின்னால் புதுத் தையல் போட்ட பிறகே முன்னால் இருக்கும் தையல் பிரியும். ஒரு நொடிகூட வழி முழுக்கத் திறந்திருக்காது. இந்த மறைவில் ஒரு சங்கடமும் உண்டு. ரத்தப் புற்றுநோய் செல்கள் மூளையிலும் விந்தகத்திலும் மருந்துக்கு எட்டாமல் பதுங்கிக்கொள்ளலாம். அதனால்தான் அந்நோய் வந்த குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுத் திரவத்திலும் தனியாக மருந்து ஏற்றுகிறார்கள்.

நஞ்சுக்கொடி எதையெல்லாம் விடும்?

தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் இருக்கும் நஞ்சுக்கொடிப் படலம் வினோதமானது. பல செல்கள் ஒன்றாக உருகி, எல்லைக்கோடே இல்லாத ஒரே பெரிய செல்லாகிவிட்ட படலம் அது. தையலே தேவையில்லை, ஏனென்றால் சந்தே இல்லை. அதிலும் கதவுகள் உண்டு. குளுக்கோஸ் போகும், தாயின் இன்சுலின் போகாது. கர்ப்பகாலச் சர்க்கரையில் குழந்தை ஏன் பெரிதாகிறது என்பதற்கு விடை இதில்தான்: வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தானே இன்சுலினை அதிகம் சுரக்கிறது. தாயின் எதிர்ப்பொருள்களில் ஒரு வகையைப் படலமே கைப்பிடித்து அழைத்துப் போய் உள்ளே விடுகிறது. கர்ப்பிணிக்குப் போடும் ரணஜன்னி ஊசி பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பது இப்படித்தான்.

"கெட்டதை எல்லாம் நஞ்சுக்கொடி வடிகட்டிவிடும்" என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைட், கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வழியாக அந்த நம்பிக்கையை உடைத்தது.

அதே காலத்தில் ஜப்பானின் மினமாட்டாவிலும் அது உடைந்துகொண்டிருந்தது. ஒரு ரசாயனத் தொழிற்சாலை விரிகுடாவில் விட்ட கழிவிலிருந்து மீதைல் பாதரசம் மீன்களில் சேர்ந்தது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-இல். அந்த மீனைச் சாப்பிட்ட தாய்மார்கள் சிலர் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள், அவர்கள் பெற்ற குழந்தைகளோ மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பிறந்தன. மீதைல் பாதரசம் உடலில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு பார்ப்பதற்கு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மாதிரியே இருக்கும். அந்த வேஷத்தில் நஞ்சுக்கொடியின் அமினோ அமிலக் கதவைத் தாண்டி, பிறகு மூளையின் அதே கதவையும் தாண்டிவிடுகிறது. பெரியப்பாவின் மாத்திரை போகிற கதவுதான் அது.

காய்ந்த தொப்புள்கொடித் துண்டைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைக்குக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஜப்பானியக் குடும்பங்கள் அதைச் சிறு மரப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துகின்றன. மினமாட்டாப் பகுதி வீடுகளில் பல ஆண்டுகளாக இருந்த அந்தப் பெட்டிகளைத் திறந்து, ஆய்வாளர்கள் கொடியில் பாதரசத்தை அளந்தார்கள். எந்த வருடம் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு விஷம் போயிருந்தது என்பது அதில் அப்படியே காய்ந்து கிடந்தது.